மாமியாருக்கு வந்த சந்தேகங்கள்

கம்ப்யூட்டர் என்பது ஒரு கட்டடமாக இருந்த காலம் அது. இப்போது ஆளாளுக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அப்போது அதைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே நுழைந்த ரிப்பேர்க்காரர் ஒருவர், போகும்போது மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு போய், வரும்போது தாடியோடு வந்தார். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மிஷினுக்குச் சூடு ஆகாது. அதனால் அது இருந்த ஹாலில் எப்போதும் குளிர். வெளியே தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். உள்ளே எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்து கதவைத் திறந்து வெளியே காலை வைத்தால் மூக்குக்கண்ணாடி மொத்தமும் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். கண்ணாடி போட்டவர்கள் கொஞ்ச நேரம் படிக்கட்டில் குருடர்களாக நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஒரு தடவை ஹால் அதிகாரி அப்படி வெளியே வந்து, மேலதிகாரி நிற்கிறார் என்று நினைத்து, தண்ணீர்த் தொட்டிக்கு வணக்கம் வைத்து, தன் லீவு விஷயத்தையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். தொட்டி மறுப்பாக ஒன்றும் சொல்லாததால் லீவிலும் போய்விட்டார்.

மிஷினுக்கு மாமியார் என்று பெயர் வைத்தது மச்சான். எதைச் செய்வதென்றாலும் முதலில் உத்தரவு கேட்கவேண்டும். தப்பு நடந்தால், நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லும், என்ன தப்பு என்று சொல்லாது. நாள் முழுக்க ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

மச்சான் உண்மையில் ஒருவருக்குத்தான் மச்சான். ஹாலில் கூட வேலை பார்த்த இளைய ஆபரேட்டரின் வேலை சுத்தமும் வாய்த் துடுக்கும் பிடித்துப்போய்த் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணம் முடிந்து இருவரும் வேலைக்குத் திரும்பிய அன்றிலிருந்து, ஹால் முழுக்க அவர் மச்சான், இவர் மாப்பிள்ளை. ஹால் அதிகாரியே, "அந்த மச்சானைக் கொஞ்சம் வரச்சொல்லு" என்றுதான் ஆள் அனுப்புவார். வாசல் காவலாளிக்கு இருவரின் சொந்தப் பெயரும் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவரும் முயலவில்லை.

இருவரும் சேர்ந்து செய்த வேலை, மாமியாருக்கு ஊட்டுவது. மாமியாருக்குத் தானாக ஒரு வேலையும் தெரியாது. தண்ணீர் வரி நோட்டீஸ் அடிக்கவேண்டுமானால் அதற்கென்று ஒரு புரோகிராம், பரீட்சை முடிவு அடிக்கவேண்டுமானால் அதற்கென்று ஒன்று. எல்லாம் துளை போட்ட அட்டைகளில், தட்டுத் தட்டாக இருக்கும். அவற்றை வாசித்து மிஷினின் நினைவுக்குள் ஏற்றிவிடுவதற்கு லோடர் என்று ஒரு குட்டிப் புரோகிராம். லாரியில் மூட்டை ஏற்றும் ஆள் மாதிரிதான் அதுவும். எப்படி ஏற்றவேண்டும் என்று சொன்னால் சொன்னபடி ஏற்றும். சொல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விடும்.

எப்படி என்று சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. மிஷினோடு பேசுவதற்கென்று இருந்த தட்டச்சு மேஜையில் லோடரின் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு இழுத்து, ஓர் எழுத்தை அடிக்கவேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குணம். எழுத்துகளின் முறையான பெயர்கள் தடிமனான ஒரு கையேட்டில் இருந்தன. கையேடு கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. ஹாலில் எல்லாவற்றுக்கும் வேறு பெயர். ஏற்றுவதற்கு முன்னால் பழைய புரோகிராமின் மிச்சத்தையெல்லாம் பெருக்கித் தள்ளுவது துடைப்பம். எது எங்கே உட்கார்ந்தது என்று காகிதத்தில் அடித்துக் காட்டுவது படம். அட்டையில் சந்தேகம் வந்தாலும் தானே ஒரு முடிவு செய்துகொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பது ஊமை. சந்தேகம் வந்த ஒவ்வோர் அட்டையிலும் நின்று, "இதை என்ன செய்யட்டும்?" என்று ஆபரேட்டரைக் கேட்பது நச்சரிப்பு. நச்சரிப்பை யாரும் தொடமாட்டார்கள். அதைப் போட்டுவிட்டு ஒரு டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.

ஏற்றுவதற்கு ஆள் இரண்டு வேண்டும். தட்டச்சு மேஜையில் மாப்பிள்ளை. ஹாலின் மறுகோடியில், அட்டை வாசிக்கும் பெட்டியருகே மச்சான். நடுவில் காற்றாடிகளின் இரைச்சல். அதனால் ஏலம் போடுகிற மாதிரி கத்தித்தான் வேலை நடக்கும்.

"துடைப்பம்?" என்பார் மாப்பிள்ளை.

"போடு!" என்பார் மச்சான்.

"படம்?"

"யார் பாக்கப்போறா? விடு!"

"ஊமை?"

"போடு, போடு! வீட்லதான் கிடைக்கல, இங்கயாவது!"

மேஜைக்காரர் ஒன்றைக் கேட்க மறந்தால் பெட்டிக்காரர் ஞாபகப்படுத்த வேண்டும் என்பது ஹாலின் விதி. நல்ல விதிதான். இருவரும் ஒரே நேரத்தில் மறக்காதவரை.

ஒரு மழைக்காலப் பகலில், பரீட்சை முடிவுகளை அடித்து முடித்த கையோடு தண்ணீர் வரி நோட்டீஸுக்கான புரோகிராமை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மச்சான், ஹால் அதிகாரி தொட்டிக்கு வணக்கம் வைத்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மேஜையில் குப்புற விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் துடைப்பத்தை இவர் கேட்கவும் இல்லை, அவர் ஞாபகப்படுத்தவும் இல்லை. பெரிய புரோகிராம் படுத்திருந்த இடத்தில் சின்னது வந்து படுத்தது. பழையதன் வால் அப்படியே கிடந்தது. ஊரில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போன தண்ணீர் வரி நோட்டீஸின் அடியில், "மறுதேர்வுக்கு உடனே விண்ணப்பிக்கவும்" என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குடையோடு வந்து, தான் எந்தப் பாடத்தில் தவறினேன் என்று தெரியாமல் இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார். வேறு ஒரு வீட்டில் எதற்கும் இருக்கட்டும் என்று படிக்கவே ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

ஹால் அதிகாரி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "துடைப்பத்தை விட்டது யாரு?"

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"சரி. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுத்தான்.

இருவருக்கும் ஒரே வீடு. கீழே தங்கையும் மாப்பிள்ளையும். மாடியறையில் கல்யாணம் செய்துகொள்ளாத மச்சான். ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், ஒரே சாப்பாட்டு மேஜை. முதலில் யார் பேசுகிறாரோ அவர்தான் துடைப்பத்தை மறந்தவர் என்று ஆகிவிடும் என்பது, யாரும் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கை.

"உப்பு வேணுமாம் உங்க மச்சானுக்கு."

"உன் அண்ணன் கை எட்ற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லு."

"அண்ணா, கை எட்ற தூரத்துலதான் இருக்காம்."

"காது கேக்குதும்மா எனக்கு."

"அப்ப நான் எதுக்குடாப்பா நடுவுல!" என்று அவள் உப்பு ஜாடியை இருவருக்கும் நடுவில் நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிறகு உப்பு இல்லாமலே சாப்பிடுவார்கள்.

ஹாலிலும் கத்தல் நின்றது. ஒரு விரல் தூக்கினால் துடைப்பம், இரண்டு விரல் படம், உதட்டில் விரல் வைத்தால் ஊமை. தலையாட்டினால் சரி. மிஷின் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. மழை ஓய்ந்தது, பனி வந்து போனது, வெயில் வந்தது. இருவரின் விரல்களும் அதற்குள் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டன.

அப்போதுதான் மச்சானுக்கு மாற்றல் வந்தது. தொலைதூரத்தில் புதிதாக ஒரு ஹால் திறக்கிறார்கள், அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று உத்தரவு. மாடியறையிலிருந்து பெட்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கீழே உட்கார்ந்து அதைக் கேட்டார். ஏறிப் போய்க் கேட்கப் படிகளைத் தவிர வேறு தடை இல்லை. படிவரை போய், அங்கே கிடந்த மச்சானின் செருப்பை நேராக வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாளும் போய் நேராக வைத்தார். அந்த வீட்டில் செருப்புகள் அவ்வளவு ஒழுங்காக எப்போதும் இருந்ததில்லை.

மச்சானுக்கு ஹாலில் கடைசி நாள். காலையில் தங்கை மாப்பிள்ளைக்கு டிஃபன் பாக்ஸை மூடிக் கொடுத்தபடி சொன்னாள்:

"நாளைக்கு விடிஞ்சா அண்ணன் ரயிலேறிடும்."

"தெரியும்."

"பக்கத்துல இருக்கறப்பவே பேசத் தெரியாதவங்க, அங்கேருந்து கடுதாசி போட்டா பேசிக்கப் போறீங்க? இன்னிக்குப் பேசலேன்னா அப்புறம் இதுதான் பழக்கம். நல்லது கெட்டதுக்கு வரும்போது ரெண்டு பேரும் ரெண்டு மூலையில நிப்பீங்க. நான் நடுவுல நின்னு உப்பு கொடுத்துட்டு இருப்பேன்."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான்…"

"ஊரையே மறுதேர்வு எழுத வச்சீங்களே, உங்களுக்கா ஆரம்பிக்கத் தெரியாது?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கேலி செய்துகொண்டு அழுதால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். மச்சான் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கடைகளைக் கடைசியாகப் பார்க்கிறார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்டக்டர் வந்து "டிக்கெட்" என்றார். போய்விட்டது.

அன்றைய வேலை நூலகத்தின் நூல் பட்டியலுக்கான புரோகிராம். பழைய அட்டைகள், நீள நீளமான தட்டுகளில். மழையில் ஒழுகிய பின்னறையில் கிடந்ததால் நமுத்து, ஓரங்கள் மெத்தென்று ஆகியிருந்தன. இப்படிப்பட்ட அட்டைகளுக்கு ஊமைதான் வழக்கம். லோடர் ஏதோ தானாக முடிவு செய்துகொண்டு போகும். ஒன்றிரண்டு புத்தகம் இடம் மாறும். நூலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

மாப்பிள்ளை ஒரு விரல் தூக்கினார். மச்சான் தலையாட்டினார். துடைப்பம் ஆயிற்று. மாப்பிள்ளை உதட்டில் விரல் வைத்தார். மச்சான் அதற்கும் தலையாட்டிவிட்டுத் தட்டைத் தூக்கப் போனார்.

மாப்பிள்ளை தட்டச்சு மேஜையைப் பார்த்தார். ஊமையின் எழுத்தை அடிக்கவேண்டிய விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்து வரிசைக்குப் போய், எழுத்து தேயாமல் புத்தம்புதிதாக இருந்த ஒரு விசையைத் தட்டியது.

நச்சரிப்பு.

அட்டைகள் படபடவென்று ஓட ஆரம்பித்தன. முதல் தட்டில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, நின்றுவிட்டன. தட்டச்சு மேஜை தானாகவே கடகடவென்று அடித்தது: இந்த எண்ணுள்ள அட்டையில் சந்தேகம். என்ன செய்யட்டும்?

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை அட்டையின் எண்ணை விரல்களால் காட்டினார். நீளமான எண். இரண்டு கையும் போதவில்லை. மச்சான் புரியாமல் வேறு எண்ணைக் காட்டினார். இவர் இல்லை என்று தலையாட்டி, மறுபடி ஆரம்பத்திலிருந்து காட்டினார். அந்த வழியாக ஹால் அதிகாரி வந்தார்.

"என்னப்பா, ரெண்டு பேரும் நாட்டியம் கத்துக்கறீங்களா? வாயால சொன்னா வாய் தேஞ்சிடுமா? சாயங்காலம் நூலகத்துக்காரங்க வந்து நிப்பாங்க, ஞாபகம் இருக்கட்டும்!"

அவர் போன பிறகு மாப்பிள்ளை எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, காற்றாடிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"மாமியார் கேக்குறாங்க!"

மறுகோடியில் மச்சானின் கை நின்றது.

"இப்ப உள்ள போன அட்டையில என்ன இருக்குன்னு கேக்குறாங்க!"

கேட்பது மாமியார், தான் வெறும் வாய். இதில் தான் முதலில் பேசியதாக யாரும் சொல்லிவிட முடியாது. மாப்பிள்ளை தனக்குள் வழக்கை நடத்திப் பார்த்துக்கொண்டார். தீர்ப்பு சாதகமாகத்தான் இருந்தது.

மச்சான் அட்டையை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"அட்டை நல்லாத்தான் இருக்கு. அவங்க கண்ணுதான் சரியில்லன்னு மாமியார்கிட்ட சொல்லு."

"திரும்பப் போட முடியுமான்னு கேக்குறாங்க."

"போடறேன்னு சொல்லு."

மழைக்காலத்திலிருந்து அந்தக் குரலை நேராகக் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரத்திருந்தது. மாப்பிள்ளை பதிலை அடித்தார். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினார்.

அட்டைகள் ஓடின. நின்றன.

"மாமியாருக்கு இன்னொரு சந்தேகம்!"

"என்னிக்குத்தான் இல்ல!"

மறுபடி ஓடின. மறுபடி நின்றன. நமுத்த அட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. சில அட்டைகளை மச்சான் ஸ்வெட்டரில் தேய்த்துச் சூடாக்கிப் போட்டார். ஓர் அட்டையில் ஒட்டியிருந்தது கொசு. அது எந்தப் பாடப் பிரிவு என்று மாமியார் கேட்பதாக மாப்பிள்ளை கத்தினார். "விலங்கியல்!" என்று பதில் வந்தது.

முதல் தட்டு முடிந்து அடுத்ததை வைக்கும்போது மேஜைப் பக்கமிருந்து குரல் வந்தது:

"மூட்டையெல்லாம் கட்டியாச்சான்னு மாமியார் கேக்குறாங்க."

தட்டு பாதியில் நின்றது. "இது அட்டையில இல்லியே."

"அவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"கட்டியாச்சுன்னு சொல்லு. ஒரு பெட்டி, ஒரு படுக்கை. ஒண்டிக்கட்டைக்கு என்ன பெரிய மூட்டை."

"அங்க சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடுன்னு கேக்குறாங்க."

"மெஸ் இருக்காம்."

"மெஸ் சாப்பாடு உங்களுக்கு ஆகாதே. ஒரு வாரம் சாப்பிட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்களே, மறந்துபோச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை கவனித்தார். மச்சானும் கவனித்துவிட்டார்.

"இதைச் சொன்னது மாமியாரா, நீயா?"

மாப்பிள்ளை சுவரிலிருந்து கண்ணை எடுத்து, ஹாலின் அந்தக் கோடியைப் பார்த்தார். "நான்தான் மச்சான்."

மச்சான் தட்டை வைத்தார்; பொத்தானை அழுத்தினார். அட்டைகள் ஓடின. ரொம்பத் தூரம் ஓடின. நிற்கவே இல்லை. மாமியாருக்கு எந்தச் சந்தேகமும் வராமல் போகும் என்று மாப்பிள்ளை எதிர்பார்க்கவில்லை. வேண்டுகிற நேரத்தில் எந்த மாமியார் கைகொடுத்திருக்கிறார்? மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

நின்றது.

"என்னவாம்?" என்றார் மச்சான்.

"சந்தேகமாம்."

"எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. அன்னிக்குத் துடைப்பம்னு கேட்டியா, இல்லியா?"

"கேக்கல. நீங்க ஞாபகப்படுத்துனீங்களா?"

"இல்ல. தொட்டியா நடிச்சிட்டிருந்தேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? அவர் கூப்பிட்டுக் கேட்டப்போ ஏன் வாயைத் திறக்கல நீ?"

"மூத்தவர் நீங்க நிக்கும்போது நான் முந்திக்கிட்டுப் பேசுறதா? நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு நின்னேன்."

"நான் முந்திக்கிட்டா, தங்கச்சி புருஷனைக் காப்பாத்தப் பாக்குறான்னு ஹால் பூரா சிரிக்குமே. உன் மரியாதை என்ன ஆகறது? அதான் நின்னேன்."

இருவரும் யோசித்தார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துத்தான் இவ்வளவு நாளும் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"கோபமா மச்சான்?"

"கோபம்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன். இப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கு." அட்டையை நீவினார். "நீ பேசாததுகூடப் பெருசில்ல. கேலி பண்ணாம இருந்தே பாரு, அதுதான். என்னைக் கேலி பண்ண இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

"செருப்பை நேரா வச்சேனே."

"அது நீயா! நான் அவள்னு நினைச்சுக்கிட்டு, சும்மா இரும்மான்னு திட்டினேன்."

மாப்பிள்ளை சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

அட்டைகள் மறுபடி ஓடி, மறுபடி நின்றபோது மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு கேட்டார்: "உங்களை மாத்திட்டாங்கன்னு உங்க தங்கச்சி அழுதுட்டே இருக்கா. நான் வேணா அதிகாரிகிட்டப் பேசட்டுமா?"

"யாரும் மாத்தல. நானே எழுதிக் கேட்டு வாங்கினது."

"ஏன்?"

"மாடியில உக்காந்திருப்பேன். கீழ நீ ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைப்பே. சிரிப்பு கேக்கும்; என்ன சொன்னேன்னு கேக்காது. எறங்கி வந்து என்னடான்னு கேக்கவும் முடியல. ஒரு மனுஷன் எத்தனை நாள் அப்படி உக்காந்திருப்பான்?"

மிஷினின் முகப்புப் பலகையில் சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கி மினுங்கி, பதிலுக்குக் காத்திருந்தன.

"வேண்டாம்னு எழுதிடுங்க மச்சான்."

"கையெழுத்தாயிடுச்சு மாப்ளே. அங்க மிஷின் வந்த பெட்டியைக்கூடப் பிரிக்காம எனக்காக வச்சிருக்காங்க. போய்த்தான் ஆகணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "புது மாடலாம். யாரும் சொல்லாமலே துடைப்பம் போட்டுக்குமாம்."

"அப்ப உங்களுக்கு அங்க என்ன வேலை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மச்சான் போகத்தான் போகிறார். பேசியதால் அது நிற்கப்போவதில்லை. இன்னும் ஒரு தட்டுத்தான் பாக்கி. அது நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகங்களுக்காகப் போன வாரம் துளை போட்டது. ஓரம் கையைக் கிழிக்கிற அளவுக்கு மொடமொடவென்று இருந்தது. அதில் மாமியாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஒரே ஓட்டமாக ஓடி முடிந்துவிடும். மாடியறை இத்தனை நாளாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் பாக்கி இருந்தது.

கடைசித் தட்டு ஏறியது. ஓடியது. உடனே நின்றது.

"மாமியாருக்குச் சந்தேகம்!" என்றார் மாப்பிள்ளை, நம்பமுடியாமல்.

"வயசாயிடுச்சு அவங்களுக்கு" என்றார் மச்சான். "அது கிடக்கட்டும், பக்கத்துத் தெருத் தையல்காரரோட சண்டை என்ன ஆச்சு? தங்கச்சி பாதிதான் சொன்னா."

மாப்பிள்ளை தையல்காரர் சண்டையைச் சொன்னார். ஓடியது, நின்றது. எதிர் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் சொற்பொழிவு பழகுகிற கதையைச் சொன்னார். ஓடியது, நின்றது. பழைய ஈரத் தட்டுகளில் நின்றதைவிட இந்தப் புதுத் தட்டில் அதிகம் நின்றது. லோடர் கெட்டுவிட்டதோ என்று மாப்பிள்ளைக்குப் பயம் வந்தது. அடுத்த தடவை நின்றபோது, சத்தம் போடாமல் நடந்து ஹாலின் மறுகோடிக்குப் போனார்.

மச்சான் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டின் மேல் குனிந்திருந்தார். கையில் அடுத்துப் போகவேண்டிய அட்டைகளின் சின்னக் கட்டு. இடையிடையே ஒன்றை உருவி, மூலையைக் கட்டைவிரல் நகத்தால் பதமாக, ரொம்ப அக்கறையாக மடித்து, மறுபடி செருகிக்கொண்டிருந்தார். வெளியே வந்த அட்டைகளில் பிறை பிறையாக நகத் தடம்.

மாப்பிள்ளை வந்த வழியே திரும்பி நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நச்சரிப்பின் எழுத்தைத் தேடித் தட்டியது தன் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தார். முதல் தடவை மேஜை கடகடத்தபோதே அந்தக் கோடியில் இருந்தவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். லோடரின் குணங்களை இவருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

"என்னவாம் மாமியாருக்கு?" என்று குரல் வந்தது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

"அட்டை ஈரமா இருக்காம் மச்சான்!"

"இருக்கும், இருக்கும். மழைக்கால அட்டை!"

ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. நூலகத்துக்காரர்கள் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தாகிவிட்டது. ஹால் அதிகாரி வேகமாக உள்ளே வந்தார்.

"இன்னுமா ஏத்துறீங்க? எங்கப்பா நிக்குது?"

மாப்பிள்ளை விளக்குப் பலகையைப் பார்த்தார். மற்ற எல்லா அட்டைகளும் போய்விட்டன. கடைசி அட்டை மட்டும் பாக்கி. அது போனால்தான் லோடர், ஏற்றி முடிந்தது என்று ஒத்துக்கொள்ளும். அது இல்லாமல் மாமியார் அசையமாட்டார். வாசிக்கும் பெட்டியில் அட்டை இல்லை என்று விளக்கு மினுங்கியது.

"கடைசி அட்டையக் காணோம் சார்" என்றார் மச்சான்.

"காணோமா! எங்க போகும்?"

மச்சான் யோசித்தார். "தரைக்கு அடியில விழுந்திருக்கும் சார்."

ஹாலின் தரை பலகை பலகையாகப் பெயர்த்தெடுக்கிற மாதிரியான தரை; அடியில் ஆள் தவழுகிற அளவுக்குக் கேபிள் பள்ளம். அதிகாரி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். ரப்பர்க் குமிழ் வைத்த கைப்பிடியை எடுத்துவந்து தரையில் ஒட்டி, ப்ளக்கென்று ஒரு பலகையைத் தூக்கினார். டார்ச்சோடு மண்டியிட்டார், பிறகு பாதி உடம்போடு உள்ளே போனார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"இங்க இல்லியே!"

"இன்னும் கொஞ்சம் உள்ள பாருங்க சார்" என்றார் மச்சான். ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு தட்டச்சு மேஜைக்கு வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் முழங்கால் உரச உட்கார்ந்தார். அந்தக் குளிரில், கையில் இருந்த அட்டையால் விசிறிக்கொண்டார்.

மாப்பிள்ளை அட்டையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"அன்னிக்கு ராத்திரி நான் மாடிக்குப் போனப்புறம் அவகிட்ட ஏதோ சொன்னே. மூச்சு முட்டச் சிரிச்சாளே. அது என்ன?"

"என்னிக்கு மச்சான்?"

"மழை விட்டதும். ஆரம்பத்துலேருந்து வா. ஒண்ணையும் விடாதே."

மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அதிகாரி ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்துக்கொண்டே ஹாலின் கோடிவரை போனார். அவர்கள் பேசி முடிக்கும்வரை அந்த அட்டை கிடைக்கவில்லை.